உலை நிண்டா எல்லாம் முடிஞ்சுதோ? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில மூடின அணுமின் நிலையங்களைப் பற்றி நாலு வரிக் குறிப்பு ஒண்டு போட்டிருந்தம், "உலையை நிப்பாட்டினாலும் பாவிச்ச எரிபொருள் அங்கதான் கிடக்கும், அதுக்கும் அவசரகாலத் திட்டம் வேணும்" எண்டு. அதுக்கு வந்த கடிதங்களைப் பார்த்தா இந்த முறை பகுதி முழுக்க இதுக்கே போகுது. சமையல் கேள்வி, சோதிடக் கேள்வி அனுப்பினவை கொஞ்சம் பொறுங்கோ, அடுத்த முறை கட்டாயம் வரும்.

கேள்வி: என்ர மகன் கனடாவில ஏஜாக்ஸில இருக்கிறான். பிக்கறிங் அணுமின் நிலையம் அவன்ர வீட்டுக்குக் கிட்ட. 2024ல அதில ரெண்டு உலையை நிப்பாட்டிப் போட்டினம் எண்டு சொன்னவன். ஆனா இன்னும் லாச்சிக்குள்ள அயோடின் குளிசைப் பெட்டி கிடக்காம். நிப்பாட்டினாப் பிறகு அது என்னத்துக்கு, எறியச் சொல்லட்டோ?
– ஒரு அம்மா, கோண்டாவில்

பதில்: எறிய வேண்டாம் எண்டு இண்டைக்கே போன் எடுத்துச் சொல்லுங்கோ அம்மா. மகன் சொன்னது சரிதான், 1ஆம் உலை 2024 ஒக்ரோபர் 1ஆம் திகதி நிண்டது, 4ஆம் உலை அந்த வருசக் கடைசி நாள் நிண்டது, 2உம் 3உம் 1997ல நிண்டதுகள் பிறகு ஓடவேயில்லை. ஆனா 5 தொடக்கம் 8 வரை இருக்கிற நாலு உலைக்கும் 2026 முடியும் வரைக்கும் ஓட அனுமதி குடுத்திருக்கினம், கொஞ்சம் தள்ளி டார்லிங்ரன் நிலையமும் இருக்கு. ஓடுற உலை பக்கத்தில இருக்கும் வரைக்கும் குளிசை வீட்டில இருக்கத்தான் வேணும். 2015ல இருந்து அந்த நிலையங்களைச் சுத்தி 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கிற எல்லா வீட்டுக்கும் குடுத்தவை, 50 கிலோமீட்டருக்குள்ள இருக்கிற ஆரும் கேட்டா சும்மா அனுப்புவினம்.

எண்டாலும் உங்கட கேள்விக்குள்ள ஒரு நல்ல கேள்வி ஒளிச்சிருக்கு. ஒரு நிலையத்தில எல்லா உலையும் நிண்டு, உள்ள பாவிச்ச எரிபொருள் மட்டும் மிஞ்சிக் கிடந்தா இந்தக் குளிசை உதவுமோ? உதவாது. ஓடுற உலைக்குள்ள உண்டாகிற கதிரியக்க அயோடின் 131 எண்ட சாமான் 8 நாளுக்கு ஒருக்கா பாதியாக் குறையும், 80 நாள் போனா ஆயிரத்தில ஒரு பங்குதான் மிச்சம், உலை நிண்டு ஒரு வருசம் போனா இல்லை எண்டே சொல்லலாம். மிஞ்சிறது சீசியம் 137, அது பாதியாக 30 வருசம் எடுக்கும். அயோடின் குளிசை தொண்டைக்குள்ள இருக்கிற தைரொயிட்டை மட்டும்தான் காப்பாத்தும், சீசியத்துக்கு அது ஒண்டும் செய்யாது. அதால மூடின நிலையத்துக்கு எழுதுற திட்டம் வேற மாதிரி இருக்க வேணும், பழைய திட்டத்தில ரெண்டு பக்கத்தைக் கிழிச்சுப்போட்டு "இதுதான் புதுசு" எண்டு குடுக்க ஏலாது.

இன்னொண்டு, உங்கட மகனிட்ட 2020 ஜனவரி 12ஐ ஞாபகமோ எண்டு கேட்டுப் பாருங்கோ. ஞாயிற்றுக்கிழமை விடிய 7.23க்கு ஒன்ராறியோ முழுக்க எல்லாற்ற போனும் ஒரே நேரத்தில கத்தினது, பிக்கறிங் நிலையத்தில ஒரு சம்பவம் எண்டு. பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு காருக்குள்ள ஏறின ஆக்களை எனக்குத் தெரியும், ஸ்காபரோவில இருக்கிற என்ர மச்சாள் பிஜாமாவோட வாசலில நிண்டு எனக்குப் போன் எடுத்தவ, "அண்ணை, எந்தப் பக்கம் ஓடுறது?" எண்டு. அது பிழையா அனுப்பின மெசேச் எண்டு ரெண்டாவது மெசேச் வர ஒண்டே முக்கால் மணித்தியாலத்துக்கு மேல ஆச்சுது. டியூட்டி மாறேக்க செய்யிற வழமையான சோதனை, பயிற்சிப் பக்கம் எண்டு நினைச்சு நிஜப் பக்கத்தில அமத்திப்போட்டினம். நான் அதை சின்ன விசயமா நினைக்கேல்லை. சொல்லுற வழி எவ்வளவு முக்கியம், பிழையாச் சொன்னதைத் திருத்த ஒரு வழி இருக்கிறது அதைவிட எவ்வளவு முக்கியம் எண்டு அண்டைக்குத்தான் கனபேருக்கு விளங்கினது. அதுக்குப் பிறகு குளிசைக்கு ஓடர் குடுத்தவை ஆயிரக்கணக்கில.

கேள்வி: சேர், நான் ஏ.எல் படிக்கிறன். உலையை நிப்பாட்டினா சங்கிலித்தாக்கம் நிக்குது எண்டு படிச்சனாங்கள். பிறகு எப்பிடிச் சூடு வருது?
– மாணவன், மானிப்பாய்

பதில்: தம்பி, சிரட்டைத் தணலை நினைச்சுப் பாரும். அம்மா அடுப்பை அணைச்சாப் பிறகும் சாம்பலுக்குள்ள சிவப்பாக் கிடக்கும், கையை மேல பிடிச்சாச் சுடும். ஆனா தணலுக்கு ஒரு செம்புத் தண்ணி ஊத்தினா அது செத்துப்போம். இது அப்பிடிச் சாகாது, அங்கதான் வித்தியாசம். சங்கிலித்தாக்கம் நிண்டாலும் யுரேனியம் பிளந்து வந்த துண்டுகள் தானாச் சிதைஞ்சுகொண்டே இருக்கும், அதின்ர சூட்டை நீர் நிப்பாட்ட ஏலாது, வெளியில எடுத்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவுதான்.

கணக்காப் பாரும். 1000 மெகாவாட் மின்சாரம் தாற உலை உள்ள 3000 மெகாவாட் அளவில சூடு உண்டாக்கும். நிப்பாட்டின அந்தக் கணத்தில அதில 6, 7 வீதம் சிதைவுச் சூடா மிஞ்சும், அதாவது 200 மெகாவாட். ஒரு நாள் போக அரை வீதம், 15 மெகாவாட். ரெண்டு கிலோவாட் கேத்தில் ஒண்டை நினைச்சா 7500 கேத்தில் ஒரே நேரத்தில கொதிக்கிற மாதிரி. ஒரு வருசம் போக ஆயிரத்தில ஒரு பங்கு கூட இல்லை. குறையிறது முதல் வேகமா, பிறகு மெதுவா மெதுவா.

யுரேனியம் அடைச்சிருக்கிற எரிபொருள் கோல்களை வெளியில எடுத்து கிட்டத்தட்ட 12 மீற்றர் ஆழமான தண்ணித் தொட்டிக்குள்ள நிப்பாட்டி வைக்கிறவை, கோலுக்கு மேல 7 மீற்றர் அளவில தண்ணி நிக்கும். எங்கட ஊர்க் கிணறு ஒண்டு முழுசா நிரம்பினா எப்பிடி, அந்த ஆழம். அந்தத் தண்ணிக்கு ரெண்டு வேலை, சூட்டையும் எடுக்கும், கதிர்வீச்சையும் மறிக்கும், அதாலதான் தொட்டி விளிம்பில ஆக்கள் நிண்டு வேலை செய்யினம். தண்ணி போனா என்ன நடக்கும் எண்டதுதான் முழுப் பயமும். கோலின்ர உறை சேர்க்கோனியம் கலந்த உலோகம், காத்துப் பட 900 பாகை செல்சியஸ் அளவில சூடேறினா அது தானாப் பத்தும், பத்தினா பக்கத்துக் கோலுக்குத் தாவும், உள்ள இருக்கிற சீசியம் புகையோட மேல போகும்.

2011 மார்ச்சில புக்குசிமாவில 4ஆம் உலை ஓடிக்கொண்டு இருக்கேல்லை தம்பி, சோதனைக்கெண்டு நவம்பரிலயே நிப்பாட்டி உள்ள இருந்த எரிபொருள் முழுக்கத் தொட்டிக்கு மாத்தியிருந்தவை. 1535 எரிபொருள் கோல் கட்டு அந்தத் தொட்டிக்குள்ள. கட்டடத்தின்ர கூரை வெடிச்சுப் பறந்தது, தொட்டியில தண்ணி இருக்கோ இல்லையோ எண்டு வெளியில ஒருத்தருக்கும் உறுதியாத் தெரியேல்லை, உலகமே மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது. கடைசியில கட்டடம் கட்டேக்க கொங்கிறீட் ஏத்துற நீளக்கை பம்ப் லொறியைக் கொண்டுவந்து மேலால தண்ணி விட்டவை. தொட்டிக்குள்ள தண்ணி இருந்துதுதான் எண்டு பிறகு தெரிஞ்சுது. அந்தக் கட்டுகளை எல்லாம் எடுத்து முடிய 2014 டிசம்பர் ஆச்சுது. நிண்ட உலை எண்டு சொல்லி ஆரும் நித்திரை கொள்ள ஏலாது எண்டதுக்கு எனக்கு இதைவிட வேற உதாரணம் தேவையில்லை.

கேள்வி: நான் இளைப்பாறின அரச உத்தியோகத்தர். மகளோட அமெரிக்காவில ஆறு மாசம் நிண்டு வந்தனான். அங்க நிலையத்தை மூடி ஒண்டரை வருசத்துக்குள்ள சுத்தியிருக்கிற ஊருகளுக்கான அவசரகாலத் திட்டத்தை எடுத்துப்போடுகினமாம், சைரன் கூட இல்லையாம். எரிபொருள் இன்னும் தொட்டிக்குள்ள கிடக்கேக்க இது நியாயமோ?
– சாவகச்சேரி வாசகர்

பதில்: ஐயா, ரெண்டு பக்கத்தையும் சொல்லிப்போட்டு என்ர அபிப்பிராயத்தைச் சொல்லுறன்.

அங்க ஓடுற நிலையத்தைச் சுத்தி 10 மைலுக்கு ஆக்களைக் காப்பாத்துற திட்டம், 50 மைலுக்கு சாப்பாடு, பால், தண்ணி இதுகளைப் பார்க்கிற திட்டம். மூடின பிறகு நிறுவனம் அரசின்ர ஒழுங்குமுறை ஆணையத்திட்ட விலக்குக் கேக்கும். ஆணையம் பார்க்கிற கணக்கு இதுதான்: தொட்டித் தண்ணி முழுக்கப் போட்டுது, காத்தாலயும் சூடு போகேல்லை எண்டு ஆக மோசமா வைச்சுக்கொண்டாலும் கோலின்ர உறை 900 பாகைக்கு வர 10 மணித்தியாலமாவது எடுக்குமோ? எடுக்குமெண்டா அந்த நேரத்துக்குள்ள பம்பைக் கொண்டுவந்து தண்ணி விடலாம், அதுவும் சரிவராட்டி ஆக்களை வெளியேத்தலாம், முன்கூட்டி எழுதின வெளித் திட்டம் தேவையில்லை எண்டு விலக்குக் குடுக்கினம். வெர்மன்ட் யாங்கி நிலையம் 2014 டிசம்பர் 29ல நிண்டது, 2016 ஏப்ரலில 10 மைல் வட்டத் திட்டத்தை எடுத்துப்போட்டினம், கடைசிக் கோல் தொட்டியை விட்டு வெளியேற 2018 ஓகஸ்ட் ஆச்சுது. அந்த ரெண்டு வருசத்துக்கு மேலான இடைவெளியை நினைச்சுத்தான் அந்த மாநில அரசே ஆட்சேபிச்சது.

அந்தக் கணக்குப் பிழை எண்டு நான் சொல்ல மாட்டன். எரிபொருள் பழசாக ஆக அவகாசம் கூடுறது உண்மை. 2022 மார்ச் 9ல செர்னோபிலுக்குப் போற கரண்ட் சண்டையில அறுந்தது, 14ஆம் திகதி மட்டும் டீசல் ஜெனறேற்றரில ஓடினது. அங்க கடைசி உலை நிண்டது 2000 டிசம்பரில, தொட்டிக்குள்ள 20,000க்கு மேல கட்டுகள். எல்லாரும் பயந்தம். சர்வதேச அணுசக்தி முகமை சொன்னது, கரண்ட் இல்லாட்டியும் அந்தத் தண்ணியின்ர அளவே சூட்டை எடுக்கக் காணும் எண்டு, அப்பிடியே நடந்தது. இருபது வருசப் பழைய தணல் அது. அதே கரண்ட் போன வாரம் நிண்ட உலை ஒண்டில அறுந்திருந்தா கதை வேற.

ஆனா ஐயா, 10 மணித்தியாலம் இருக்கு எண்டதும் 10 மணித்தியாலத்துக்குள்ள செய்வினம் எண்டதும் ஒண்டில்லை. எங்களுக்கு இதை ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 விடிய ஏழு மணி அளவில சுமாத்திராப் பக்கம் கடலுக்கடியில நிலம் அதிர்ந்தது. எங்கட கரைக்கு அலை வந்து சேர ஒண்டரை, ரெண்டு மணித்தியாலம். உடுத்துறையில, மணற்காட்டில, முல்லைத்தீவில பிள்ளையள் வெள்ளைக் கடற்கரையில விளையாடிக்கொண்டு நிண்டவை. ஓடுறதுக்கு நேரம் இருந்துது, அரைக் கட்டை நடந்தாலே கனபேர் தப்பியிருப்பினம். சொல்லுறதுக்குத்தான் ஒருத்தரும் இல்லை, சொல்ல வேணும் எண்டு பொறுப்புக் குடுக்கப்பட்ட ஒருத்தரும் இல்லை. நான் அண்டைக்குப் பின்னேரம் வடமராட்சி கிழக்குக்கு றக்ரரில சாமான் கொண்டுபோனனான், ஒரு வீட்டு வாசலில மணிக்கூடு ஒண்டு சேத்துக்குள்ள கிடந்து ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் இப்பவும் காதுக்குள்ள நிக்குது.

அதால நான் சொல்லுறது, கடைசிக் கோல் தொட்டியை விட்டு வெளியேறும் மட்டும் வெளித் திட்டம் எழுத்தில இருக்க வேணும். சின்னதாக்கலாம், 10 மைலை 3 மைலாக்கலாம், அதில எனக்கு வழக்கில்லை. ஆனா பம்ப் எந்த ஷெட்டில நிக்குது, அந்த ஷெட்டின்ர திறப்பு ஆரிட்ட, இரவு ரெண்டு மணிக்கு ஆர் ஆருக்குப் போன் எடுக்கிறது, அந்தப் போனை எடுக்கிற ஆள் லீவில நிண்டா அடுத்தது ஆர், இதுகளை வருசத்துக்கு ஒருக்காவாவது செய்து பார்க்க வேணும். ஆளைக் குறைச்சு, சம்பளத்தைக் குறைச்சு, கதவைப் பூட்டிக்கொண்டு போற நேரத்திலதான் இதெல்லாம் ஆகக் கூடக் கவனிக்கப்பட வேணும். சுவிஸில பெப்ரவரி முதல் புதன்கிழமை மத்தியானம் நாடு முழுக்க சைரனைக் கத்த விட்டுப் பார்க்கினம், ஒவ்வொரு வருசமும். பேர்னுக்குப் பக்கத்தில மூலபெர்க் நிலையம் 2019 டிசம்பர் 20ல நிண்டது, 2023 செப்ரெம்பருக்குள்ள தொட்டியில இருந்த முழுவதையும் ஏத்தி வூரன்லிங்கனில இருக்கிற இடைக்காலச் சேமிப்புக்கு அனுப்பிப்போட்டினம். நாலு வருசம் கூட இல்லை. அப்பிடிச் செய்தா வெளித் திட்டத்தைப் பற்றின சண்டையே கனக்க வராது.

கேள்வி: தொட்டியில இருந்து எடுத்து கொங்கிறீட் பெட்டிக்குள்ள வைச்சா பயமில்லையோ?
– வாசகி, நல்லூர்

பதில்: தொட்டியை விட எவ்வளவோ மேல். துருவேறாத உருக்குப் பேணிக்குள்ள கோல்களை அடுக்கி, தண்ணியை எடுத்து, ஹீலியம் வாயு நிரப்பி, மூடியை ஒட்டி, அதை மொத்தக் கொங்கிறீட் கூட்டுக்குள்ள வைக்கிறது. பம்பும் வேண்டாம் கரண்டும் வேண்டாம், கீழ்த் துவாரத்தால குளிர்காத்து போய் மேலால சூடா வரும், எங்கட பழைய வீடுகளில ஓட்டுக்குக் கீழ விடுற துவாரம் மாதிரித்தான். புக்குசிமாவில சுனாமி ஏறின கட்டடம் ஒண்டுக்குள்ள இப்பிடி உலர் கொள்கலன் 9 இருந்தது, அதுகளுக்கு ஒண்டும் நடக்கேல்லை. ஆனா மாத்திறதுக்கு முதல் சாதாரணமா அஞ்சு வருசமாவது தண்ணிக்குள்ள ஆறவேணும், பிக்கறிங்கில பத்து வருசம்.

மாத்தேக்கதான் கவனம் வேணும். கலிபோர்னியாவில சான் ஒனோஃபிரே எண்ட மூடின நிலையத்தில 2018 ஓகஸ்ட் 3ல, கிட்டத்தட்ட 50 தொன் பேணி ஒண்டை இறக்கேக்க அது உள்விளிம்பில தட்டி நிண்டுட்டுது, தூக்குற பட்டி தொய்ஞ்சுபோச்சு, 18 அடி ஆழத்துக்கு மேல பேணி விளிம்பை மட்டும் நம்பி நிண்டது. கிரேன் ஓட்டினவைக்கு அது தெரியக்கூட இல்லை. நல்லகாலம் விழேல்லை. பாதுகாப்பு ஏற்பாடு சரியா இல்லாததுக்கும் நேரத்துக்கு முறையா அறிவிக்காததுக்கும் ஆணையம் 116,000 டொலர் தண்டம் போட்டது. பாருங்கோ, திரும்பவும் அதே இடத்துக்குத்தான் வாறம், சொல்லவேண்டிய நேரத்தில சொல்லேல்லை.

கேள்வி: நான் கடற்தொழில் செய்யிறன். கூடங்குளம் எங்களுக்கு எவ்வளவு தூரம்? அங்க பாவிச்ச சாமான் எங்க வைக்கினம்? ஏதும் எண்டா எங்களுக்கு ஆர் சொல்லுவினம்?
– வல்வெட்டித்துறை வாசகர்

பதில்: அண்ணை, யாழ்ப்பாணத்தில இருந்து நேர்கோட்டில 300 கிலோமீட்டர் அளவில, தென்மேற்குப் பக்கம். கல்பாக்கம் அணுமின் நிலையம் வடக்கால, அதுவும் அப்பிடித்தான் 320 வரும். காத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, சோழகம் வீசேக்க கூடங்குளப் பக்கத்தால எங்களிட்ட வரும், வாடை வீசேக்க கல்பாக்கப் பக்கத்தால. கச்சான் காத்துக்கு ஒரு கணக்கு, கொண்டலுக்கு ஒரு கணக்கு. எங்கட ஊருக்குத் திட்டம் எழுதினா உங்களை மாதிரி ஆக்களைப் பக்கத்தில வைச்சுத்தான் எழுத வேணும் எண்டு நான் மனசார நம்பிறன்.

கூடங்குளத்தில ஓடுறது 1000 மெகாவாட் உலை ரெண்டு, மற்றதுகள் கட்டுப்படுகுது. அங்க மூடுற கதை இன்னும் கனகாலத்துக்கு இல்லை, ஆனா பாவிச்ச எரிபொருளுக்கு மூடும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, ஓடுற நாள் தொட்டு சேருது. உலைக்குப் பக்கத்துத் தொட்டியிலதான் முதல் வைக்கிறது. உலைக்கு வெளிய தனிச் சேமிப்பு கட்டச் சொன்னதுக்கு நேரம் காணாது எண்டு நிலையத்தை நடத்திற நிறுவனம் கேக்க, 2018ல இந்திய உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் வரைக்கும் தவணை குடுத்தது. எங்க வைக்கிறது எண்டு அந்தப் பக்கத்துச் சனமும் கேக்குது, அவையின்ர கேள்வியும் உங்கட கேள்வியும் ஒண்டுதான்.

300 கிலோமீட்டருக்கு இங்க ஆரும் சாமானைக் கட்டிக்கொண்டு ஓடவேண்டிய நிலை வரும் எண்டு நான் நினைக்கேல்லை. எங்கட பிரச்சினை சாப்பாடும் தண்ணியும். 1986ல செர்னோபில் வெடிச்சு, 2000 கிலோமீட்டருக்கு அங்கால வேல்ஸ் மலையில மழையோட சீசியம் இறங்கி, அங்கத்தை ஆட்டுக்காரருக்குப் போட்ட கட்டுப்பாட்டை 2012லதான் முழுக்க எடுத்தவை. தூரத்தை விட அண்டைக்கு மழை பெய்ததோ இல்லையோ எண்டதுதான் கணக்கு. அப்பிடி ஒரு நாள் வந்தா, கிணத்தை மூடவேணும், படங்கு எண்டாலும் காணும், மாட்டை ஆட்டை வெளியில மேய விடாம வைக்கலும் பிண்ணாக்கும் போட்டுக் கொட்டிலுக்குள்ள வைக்கவேணும், கீரை இலைவகை ஆயாம விடவேணும், பாலைச் சோதிக்கும் மட்டும் குடிக்கப்படாது, மழைத்தண்ணி பிடிக்கப்படாது, கதவு யன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ள இருக்கவேணும். எங்கட சுண்ணாம்புக்கல் நிலத்தில மேல விழுந்தது கீழ போக நாள் எடுக்காது. பத்து வருசத்துக்கு முதல் என்ர தங்கச்சி வீட்டுக் கிணத்தில எண்ணெய் கலந்தது, வாளியில அள்ளினா மேல வானவில் நிறத்தில படை படையா மிதக்கும், மண்ணெண்ணெய் மணம். ஒரு ஒவ்வீசும் வந்து சொல்லேல்லை, சோறு நாறினதாலதான் அவைக்கே தெரிஞ்சுது, அதுக்கு முதல் எத்தினை நாள் பிள்ளையள் குடிச்சுதுகளோ. கதிர்வீச்சுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, அளக்கிற ஆள் சொன்னாத்தான் உண்டு.

ஆர் சொல்லுறது எண்டா, செர்னோபிலுக்குப் பிறகு 1986ல வந்த முன்னறிவித்தல் உடன்படிக்கையில இந்தியாவும் இருக்கு, இலங்கையும் இருக்கு, எல்லை தாண்டி வரக்கூடிய விபத்தை உடன அறிவிக்கவேணும். 2015 பெப்ரவரியில ரெண்டு நாடும் செய்த அணுசக்தி ஒப்பந்தத்திலயும் கதிரியக்கக் கழிவும் அனர்த்தத் தணிப்பும் சேர்ந்திருக்கு. இங்க 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தால வந்த அணுசக்தி ஒழுங்குபடுத்தும் சபை இருக்கு, அனர்த்த முகாமைத்துவ நிலையம் இருக்கு, அதின்ர நம்பர் 117, எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ. டில்லியில இருந்து கொழும்புக்குச் செய்தி வர வழி இருக்கு. கொழும்பில இருந்து வல்வெட்டித்துறைக்கு, ஜீ.எஸ் (கிராம சேவகர்) ஊடாக, கோயில் மைக்கால, தேவாலய மணியால எப்பிடி வரும், அதைவிட இரவு கடலில நிக்கிற படகுக்கு எப்பிடி வரும்? சூறாவளிக்கு அறிவிக்கிற அதே வழியில இதையும் சேர்க்கலாம், காசு ஒண்டும் கனக்கச் செலவில்லை.

உங்கட கடற்தொழிலாளர் சங்கத்தால பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ அண்ணை. ரெண்டே ரெண்டு கேள்வி காணும்: அப்பிடி ஒரு அறிவித்தல் வந்தா எங்கட இறங்குதுறைக்கு அதைக் கொண்டுவாற ஆளின்ர பெயர் என்ன, அவர் இல்லாத நேரம் ஆர்? கடிதத்தின்ர பிரதி ஒண்டை எங்களுக்கும் போடுங்கோ, வாற பதிலை இந்தப் பகுதியிலேயே அப்பிடியே பிரசுரிக்கிறம்.